அஞ்சு ரூம்ல ஸ்பீக்கர் இருக்கு, "நிறுத்து"ன்னா எது நிக்கணும்னு அதுக்கே தெரியல: 14 மாசம் யூஸ் பண்ணின அனுபவம்

வாயால சொன்னா பாட்டு போடுற ஸ்மார்ட் ஸ்பீக்கர் பத்தி தான் பேச்சு. முதல்லயே சொல்லிடுறேன், பிராண்ட் பேரு போடல. என் மச்சான் வீட்டுல வேற கம்பெனி, ஆபீஸ் ஃப்ரெண்டு வீட்டுல இன்னொரு கம்பெனி, மூணு வீட்டுலயும் கிட்டத்தட்ட ஒரே தலைவலி தான் ஓடுது, அதனால பேர மாத்தி வாங்கினா தப்பிச்சிடலாம்னு நினைச்சு யாரும் காசு போட வேண்டாம்னு தான் இத எழுதுறேன்.

எங்க வீடு மதுரைல. கீழ ஹால், சமையல்கட்டு, அம்மா ரூம். மேல எங்க பெட்ரூம், பொண்ணு படிக்கிற ரூம். தீபாவளி ஆஃபர்ல முதல்ல ரெண்டு வாங்கினேன், ஒண்ணு 4,500 ரூபாய்க்குள்ள வந்துச்சு, நல்லா இருக்கேன்னு பொங்கலுக்குள்ள இன்னும் மூணு வாங்கிட்டேன். காலைல அஞ்சரைக்கு வீடு முழுக்க மெல்லிசா நாதஸ்வரம் ஓடணும், அம்மா எந்த ரூமுக்குப் போனாலும் பாட்டு அறுபடாம கூடவே வரணும், இது தான் எனக்கு ஆசை. அம்மாவுக்கு முட்டி வலி, எழுந்து போய் சுவிட்ச் போட, ஆஃப் பண்ண ரொம்ப சிரமம். வாயால சொன்னா போதும்னு விளம்பரத்துல பாத்தப்போ இது அவங்களுக்காகவே செஞ்சதுன்னு தான் தோணுச்சு.

நல்லத முதல்ல சொல்லிடணும். சவுண்டு குறை சொல்ற மாதிரி இல்ல. அஞ்சும் சேந்து ஓடுறப்போ ஹால்ல இருந்து சமையல்கட்டுக்கு நடந்து போனா பாட்டு அப்படியே ஒட்டி வருது, எதிரொலி மாதிரி கேக்கல. இது சின்ன வேலை இல்லைங்க. சத்தம் காத்துல செகண்டுக்கு சுமார் 340 மீட்டர் தான் போகும், எங்க ஹால் ஸ்பீக்கருக்கும் சமையல்கட்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல ஆறு மீட்டர், அதுலயே 18 மில்லிசெகண்டு போயிடும். சுமார் 30 மில்லிசெகண்டுக்குள்ள பின்னாடி வர்ற சத்தத்த நம்ம காது தனியா பிரிக்காம ஒண்ணாவே எடுத்துக்கும், ஹெல்முட் ஹாஸ்னு ஒருத்தர் 1949லயே இத ஆராய்ச்சி பண்ணி எழுதி வச்சிருக்காரு. அதுக்கு மேல போனா தான் குழப்பம். வைஃபைல போற அஞ்சு பொட்டி ஒண்ணோட ஒண்ணு கடிகாரத்த ஒத்துப்போக வச்சு அந்த அளவுக்குள்ள பாடுது, அந்த வேலைய செஞ்ச இன்ஜினியர்களுக்கு மனசார பாராட்டு. பழைய ப்ளூடூத் ஆம்ப்ளிஃபயர் ஒண்ண கூட சேத்துப் பாத்தேன், ப்ளூடூத்ல 100, 200 மில்லிசெகண்டு லேட் ஆகுறது சகஜம், அது பின்னாடி பின்னாடி இழுத்துச்சு, ஒரே நாள்ல கழட்டிட்டேன்.

ஆக பாட்டு ஓடுறது பிரச்சனையே இல்ல. அத வாயால நடத்துறது தான் பிரச்சனை, அதுக்குத் தான ஐயா நான் காசு குடுத்தேன்.

நடந்தத சொல்றேன். ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை இருக்கும், பெட்ரூம்ல மெல்லிசா பாட்டு ஓடிட்டு இருந்துச்சு, தூக்கம் வந்துருச்சு, நிறுத்தச் சொன்னேன். பதில் மேல இருந்து வரல, மாடிப்படி வழியா கீழ ஹால்ல இருந்து வந்துச்சு, "இப்போ எதுவும் ஓடலயே"ன்னு. திரும்ப கொஞ்சம் சத்தமா சொன்னேன், பெட்ரூம்ல நிறுத்துன்னு ரூம் பேரோட. அத என்னவா எடுத்துக்கிச்சோ, அம்மா ரூம் ஸ்பீக்கர்ல பாட்டு ஆரம்பிச்சிடுச்சு, அதுவும் சாயங்காலம் அவங்க சீரியல் சத்தத்துக்கு நடுவுல கேக்க வச்சிருந்த அதே வால்யூம்ல. நான் படி இறங்கி ஓடுறதுக்குள்ள அம்மா எழுந்து உக்காந்துட்டாங்க, பிபி மாத்திரை சாப்பிடுறவங்க, கை நடுங்குது. "என்னடா தம்பி ஆச்சு, யாருக்கும் ஒண்ணும் இல்லையே"ன்னு தான் முதல்ல கேட்டாங்க. ராத்திரி திடீர்னு சத்தம் கேட்டா பெரியவங்க மனசு எங்க போகும்னு தெரியும்ல. அன்னைக்கு எனக்கு வந்த கோவம் இன்னும் போகல.

அதுக்கப்புறம் தான் இது எப்படி வேலை செய்யுதுன்னு உக்காந்து படிச்சேன், ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். நாம கூப்பிடுற பேர ஒண்ணுக்கு மேல ஸ்பீக்கர் கேக்கும். எது தெளிவா கேட்டுச்சோ அது தான் பதில் சொல்லணும், மத்தது வாய மூடிக்கணும், ஐடியா அவ்வளவு தான். கிட்ட இருக்கிறதுக்குத் தான் தெளிவா கேக்கும்னு நம்பி செஞ்சிருக்காங்க. நம்ம ஊரு வீட்டுல அந்த நம்பிக்கை செல்லுபடி ஆகல. கான்கிரீட் சுவரு, டைல்ஸ் தரை, கனமான கர்ட்டன் கிடையாது, கார்பெட் கிடையாது, பேசுற சத்தம் நாலு பக்கமும் மோதித் திரும்புது. மேல ஃபேன் அஞ்சுல சுத்துது. சமையல்கட்டுக்கும் ஹாலுக்கும் நடுவுல கதவே கிடையாது. மிக்ஸி ஓடுறப்போ சமையல்கட்டுல நின்னு பேசினா, மிக்ஸி பக்கத்துல இருக்கிற ஸ்பீக்கருக்கு நம்ம குரல் முழுகிப் போயிடும், தூரத்துல அமைதியா இருக்கிற ஹால் ஸ்பீக்கருக்கு நல்லா கேக்கும், அது ஓடி வந்து பதில் சொல்லும். இன்னொண்ணு, தானே பாடிட்டு இருக்கிற ஸ்பீக்கர் தன்னோட சத்தத்த கழிச்சிட்டு நம்ம குரல எடுக்கணும், சும்மா இருக்கிற பக்கத்து ரூம் ஸ்பீக்கருக்கு அந்தக் கஷ்டம் இல்ல, அதனால எத நிறுத்தணுமோ அது தான் நம்ம பேச்ச கடைசியா கேக்குது. ராத்திரி நடந்தது சரியா இது தான்.

பதில் சொல்றது எதுவோ அது ரூம் பேரு சொல்லாத கட்டளைய தனக்குன்னு எடுத்துக்கும். அங்க தான் எல்லாக் குழப்பமும் தொடங்குது.

வால்யூம எடுத்துக்கோங்க. அஞ்சும் சேந்து ஓடுது, "வால்யூம் மூணு"ன்னு சொல்றேன், கேட்ட ஒண்ணு மட்டும் மூணுக்கு இறங்குது, மத்த நாலும் ஆறுலயே கத்துது. பல ஸ்பீக்கர ஒண்ணா சேத்து குரூப்னு ஒரு பேரு வைக்கலாம், அந்தப் பேரு சொல்லி கேட்டா ஒரு நாள் எல்லாம் இறங்குது, ஒரு நாள் அப்படி ஒரு டிவைஸே இல்லங்குது. வீடு மொத்தமும் ஒரே வால்யூம்ல இருக்கணும்னு யாரும் கேக்க மாட்டாங்க, அம்மா ரூம்ல அஞ்சுன்னா பொண்ணு ரூம்ல ரெண்டு தான் இருக்கணும், குறைக்கிறப்போ அந்த வித்தியாசம் அப்படியே இருக்க எல்லாம் சேந்து இறங்கணும். இதுக்குப் பின்னாடி பெரிய சண்டையே நடந்திருக்குன்னு அப்புறம் தெரிஞ்சுது. பல ரூம் ஸ்பீக்கர வீட்டுக்குள்ள கொண்டு வந்ததுல முன்னோடி சோனோஸ், 2002ல ஆரம்பிச்ச கம்பெனி, அவங்க 2020ல கூகுள் மேல பேட்டன்ட் கேஸ் போட்டாங்க, 2022 ஜனவரில அமெரிக்க சர்வதேச வர்த்தக கமிஷன் அஞ்சு பேட்டன்ட்டுலயும் சோனோஸ் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு, உடனே கூகுள் ஸ்பீக்கர் குரூப்ப மொத்தமா ஒரே தடவைல கூட்டிக் குறைக்கிற வசதி போயிடுச்சு, ஒவ்வொண்ணா தனித்தனியா மாத்திக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. 2023ல இன்னொரு கேஸ்ல ஜூரி 32.5 மில்லியன் டாலர் குடுக்கச் சொல்லி, அதே வருஷம் அக்டோபர்ல நீதிபதி அத ரத்து பண்ணி, அப்புறம் எடுத்த வசதிய கூகுள் திரும்பக் கொண்டு வர ஆரம்பிச்சாங்க. எங்க வீட்டு ஸ்பீக்கர் கதை வேற, ஆனா இத படிச்சப்போ ஒண்ணு உறுத்துச்சு. காசு குடுத்து வாங்கி வீட்டுல வச்ச பொருளோட வசதி, எங்கயோ ஒரு தீர்ப்பு வந்ததும் ராத்திரியோட ராத்திரியா மாறிடுது, நம்மள ஒரு வார்த்தை கேக்கல.

அதே மாதிரி 2025 மார்ச்ல ஒண்ணு நடந்துச்சு. கூகுள் 2015ல 35 டாலருக்கு விட்ட குரோம்காஸ்ட் ஆடியோன்னு ஒரு குட்டி வட்டப் பொட்டி, பழைய ஆம்ப்ளிஃபயர்ல சொருகினா அதுவும் மத்த ரூம் ஸ்பீக்கரோட சேந்து பாடும், 2019 ஜனவரிலயே விக்கிறத நிறுத்திட்டாங்க. உள்ள இருந்த, இது அசல் பொட்டி தான்னு காட்டுற ஒரு செக்யூரிட்டி சர்டிஃபிகேட் காலாவதி ஆகி உலகம் பூரா ஒரே நாள்ல எல்லாம் வேலை செய்யாம போச்சு, அப்புறம் அப்டேட் அனுப்பி சரி பண்ணாங்க. பொட்டி நல்லா தான் இருந்துச்சு, காகிதம் தான் தீந்து போச்சு. என் தாத்தா வாங்கின வால்வு ரேடியோ எந்தக் கம்பெனி அனுமதியும் கேக்காம 30 வருஷம் பாடுச்சுன்னு அம்மா அடிக்கடி சொல்லுவாங்க.

அடுத்தது பேரு. அம்மா சொல்றதுக்கு வசதியா இருக்கட்டும்னு ஒரு ஸ்பீக்கருக்கு "சமையல்கட்டு"ன்னு பேரு வச்சேன். பத்துல ஒரு தடவ கூட புரிஞ்சிக்கல. சரி "கிச்சன்"னு மாத்தினா ஏற்கனவே "கிச்சன் லைட்" இருக்கு, குரூப்ப "கீழ் கிச்சன்"னு வச்சிருந்தேன், மூணும் மோதிக்குது, பாட்டு போடச் சொன்னா லைட் அணையுது, என் வீட்டுக்காரம்மா எண்ணெய் சட்டி முன்னாடி இருட்டுல நிக்கிறா. "என்னங்க, இது விளையாட்டுக் காரியம் இல்ல"ன்னு அவ சொன்னது நியாயம். இப்போ ரூம் பேரே வைக்கிறது இல்ல, கீழ் குரூப் "டைகர்", மேல் குரூப் "ஆரஞ்சு". ஒண்ணோட ஒண்ணு ஒலியிலயும் ஒட்டாது, வேற எந்த டிவைஸ் பேருலயும் அந்த வார்த்தை இல்ல. நம்பிக்கையோட சொல்றேன், இந்த ஒரு மாத்தத்துலயே பாதி தப்பு குறைஞ்சுது.

மொழி இருக்கே, அது தான் மனச ரொம்ப வருத்துறது. எங்க ஸ்பீக்கருக்கு இங்கிலீஷும் ஹிந்தியும் தான் தெரியும், பொட்டியும் நானும் பேசினதா இங்க எழுதியிருக்கிறதெல்லாம் இங்கிலீஷ்ல நடந்தது, தமிழ்ல போட்டிருக்கேன். போன்ல தமிழ்ல பேசினா புரியுது, எழுத்தாவும் மாத்துது, பக்கத்துல இருக்கிற பொட்டிக்கு மட்டும் தமிழ் கிடையாது. அம்மா தமிழ்ல தான் பேசுவாங்க, 68 வயசுல அவங்க எதுக்கு இங்கிலீஷ்ல மனப்பாடம் பண்ணி பொட்டிகிட்ட பேசணும்? பாட்டு பேரு கேக்குறதும் அப்படித் தான். தமிழ்ப் பாட்டுப் பேர ஆப்ல இங்கிலீஷ் எழுத்துல ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி எழுதி ஏத்தியிருக்காங்க, நெடிலுக்கு ஒரு ஏவா ரெண்டு ஏவா, ழவுக்கு எந்த எழுத்துன்னு ஒரு முறையே இல்ல. நாம சரியா உச்சரிச்சா கிடைக்காது, வெள்ளைக்காரன் உச்சரிக்கிற மாதிரி வாய வளைச்சா கிடைக்குது. சொந்த வீட்டுல சொந்த பாட்ட தப்பா உச்சரிச்சு கேட்டு வாங்க வேண்டியிருக்கு. கிடைச்சாலும் ஒரிஜினல் வராது, யாரோ மெதுவாக்கி மழைச்சத்தம் சேத்த ரீமிக்ஸ் வரும். நான் கண்ட வழி, பிடிச்ச பாட்ட எல்லாம் பிளேலிஸ்ட்டா போட்டு அதுக்கு "மார்னிங் ஒன்", "மார்னிங் டூ"ன்னு பேரு வச்சிருக்கேன்.

கரண்ட் கட் பத்தி யாரும் ரிவ்யூல எழுத மாட்டேங்குறாங்க. மாசத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்குன்னு காலைல நிறுத்துவாங்க, அது போக அப்பப்போ. கரண்ட் வந்ததும் ஸ்பீக்கர் சீக்கிரம் எழுந்துருது, ஃபைபர் மோடம் எழுந்து லைன் பிடிக்க ரெண்டு மூணு நிமிஷம் ஆகுது, அதுக்குள்ள ரெண்டு ஸ்பீக்கர் தேடித் தேடி விட்டுடுது, குரூப் உடைஞ்சு போயிடும், அப்புறம் ஒவ்வொண்ணா பிளக்க புடுங்கி சொருகணும். ரவுட்டருக்கு மட்டும் 12 வோல்ட் குட்டி யூபிஎஸ் ஒண்ணு போட்டேன், ரவுட்டர் செட்டிங்ஸ்ல ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் நிரந்தர ஐபி, அதாவது மாறாத நெட்வொர்க் முகவரி குடுத்தேன், இந்தத் தொல்லை ஏறக்குறைய போயே போச்சு. மாடிக்கு சிக்னல் பத்தலன்னு தனி ரவுட்டர் ஒண்ண வச்சு அதுக்கு வேற நெட்வொர்க்க குடுத்திருந்தேன், அதுவும் தப்பு, மேல இருக்கிறதும் கீழ இருக்கிறதும் ஒரே நெட்வொர்க்ல இல்லன்னா ஒண்ணுக்கொண்ணு கண்ணுலயே படாது. அந்த ரவுட்டர ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு, அதாவது கீழ இருக்கிற அதே நெட்வொர்க்க மேல நீட்டிக் குடுக்கிற மாதிரி மாத்தினதும் சரியாச்சு. பாட்டு ஆப் தனி ஆள் பிளான்னா ஒரு நேரத்துல ஒரு இடத்துல தான் ஓடும்ங்கறதையும் சேத்து கணக்குப் போட்டுக்கோங்க, பொண்ணு மேல போட்டா கீழ அம்மாவுக்கு நின்னுடும், ஃபேமிலி பிளான் எடுத்து தான் தீரணும்.

கஸ்டமர் கேர்ல நாலு தடவ பேசினேன். மரியாதையா தான் பேசுறாங்க, ஆனா நாலு தடவையும் ஒரே பதில், ஃபேக்டரி ரீசெட் பண்ணுங்க சார். ரீசெட் பண்ணினா பேரு, குரூப், அலாரம், எல்லாம் மறுபடி முதல்ல இருந்து. அம்மா ரூம்ல திடீர்னு பாடினத சொன்னேன், ஃபீட்பேக்கா பதிவு பண்ணிக்கிறோம்னாங்க. ஷோரூம்ல டெமோ குடுத்தப்போ கண்ணாடி ரூம், ஏசி, ஒரே ஒரு ஸ்பீக்கர், பக்கத்துல நின்னு பேசினாங்க, யாருக்குத் தான் வேலை செய்யாது.

கடைசியா பலன் குடுத்தது என்னன்னா, மைக்க ஆஃப் பண்றது. அஞ்சுல மூணு ஸ்பீக்கர் மேல இருக்கிற மைக் பட்டன அமுக்கி வச்சிட்டேன், சிவப்பு லைட் எரியுது. மைக் ஆஃப்ல இருந்தாலும் குரூப்ல பாட்டு வழக்கம் போல ஓடும், வேற ஸ்பீக்கர்ல இருந்து பேரு சொல்லி அத நடத்தவும் முடியும். இப்போ கீழ ஹால்ல ஒரு காது, மேல பெட்ரூம்ல ஒரு காது, அவ்வளவு தான். ரெண்டுக்கும் நடுவுல படிக்கட்டு இருக்கு, எது கேக்கணும்ங்கற சண்டை ரொம்பவே குறைஞ்சுது. ராத்திரி பத்து மணிக்கு அம்மா ரூம் ஸ்பீக்கர் வால்யூம் தானா ஒண்ணுக்கு இறங்குற மாதிரி ரொட்டீனும் போட்டிருக்கேன், அடுத்த தடவ தப்பா ஆரம்பிச்சாலும் தூக்கிவாரிப் போடாது. சமையல்கட்டுல ஃபிரிட்ஜ் மேல பழைய போன் ஒண்ணு ஒட்டி வச்சிருக்கேன், ஆப் எப்பவும் திறந்தே இருக்கும், மாவு கையா இருந்தா முழங்கையால கூட நிறுத்திடலாம்.

கம்பெனிக்காரங்க பண்ண வேண்டியது ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது. "நிறுத்து"ன்னு ஒருத்தர் சொன்னா, கேட்ட ஸ்பீக்கர் சும்மா இருந்தா, வீட்டுல எது பாடிட்டு இருக்கோ அத நிறுத்தணும், எதுவும் ஓடலன்னு சொல்லக் கூடாது, அஞ்சு பொட்டியும் ஒரே அக்கவுன்ட்டுல தான இருக்கு, எது பாடுதுன்னு அதுக்குத் தெரியும். ராத்திரி நேரத்துல சந்தேகமா இருந்தா எந்த ரூம்னு மெதுவா ஒரு கேள்வி கேக்கலாம். நிறுத்துறது, வால்யூம் குறைக்கிறது மாதிரி நாலு கட்டளைக்கு இன்டர்நெட் எதுக்கு? சோனோஸ் 2022ல கொண்டு வந்த வாய்ஸ் கன்ட்ரோல் ஸ்பீக்கருக்குள்ளயே புரிஞ்சிக்குது, குரல கிளவுடுக்கு, அதாவது வெளிய இருக்கிற கம்பெனி கம்ப்யூட்டருக்கு அனுப்புறது இல்ல, ஆனா அதுல தமிழ் இல்ல. முடியாத காரியம் இல்லன்னு மட்டும் தெரியுது.

வாங்கலாமா வேணாமான்னு கேட்டா, ஒரு ரூம் ரெண்டு ரூம்னா தாராளமா வாங்குங்க, சந்தோஷமா இருப்பீங்க. நாலு ரூமுக்கு மேலன்னா சவுண்டுக்காக வாங்குங்க, போன்லயோ பட்டன்லயோ நடத்துறதுக்குத் தயாரா இருந்தா வாங்குங்க. வயசானவங்க வாயால நடத்திக்குவாங்கன்னு நம்பி மட்டும் வாங்காதீங்க. சவுண்டுக்கு அஞ்சுக்கு நாலரை, வாய்ஸுக்கு அஞ்சுக்கு ஒண்ணரை.

அம்மா ரூம் ஸ்பீக்கர் மேல வால்யூம் குறைக்கிற பட்டன்ல ஒரு சின்ன பொட்டு ஒட்டி விட்டிருக்கேன், இருட்டுல தடவினா விரலுக்குத் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்துலயே கை எட்டுற உயரத்துல வச்சாச்சு. காலைல அஞ்சரைக்கு ரொட்டீன்லயே நாதஸ்வரம் ஆரம்பிச்சிடுது, யாரும் எதுவும் சொல்றதில்ல, அவங்க பாட்டுக்கு அந்தப் பொட்டத் தடவி ஒரு தடவ அமுக்கி தனக்கு வேண்டிய அளவுக்கு வச்சிக்கிறாங்க.